கக்குவான் இருமல்: ஊசி போட்டவருக்கும், போடாதவருக்கும்

புதுதில்லி: குழந்தைகளுக்கான தடுப்பூசி பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் சுகாதார அமைச்சகத்தின் பதிலில் தவறாமல் இடம்பெறுவது ஒரு விழுக்காட்டுக் கணக்கு. நூறு குழந்தைகளில் இத்தனை பேருக்கு மூன்று தவணையும் போடப்பட்டுவிட்டது என்று அந்தப் பதில் கூறும். மாநிலவாரிப் பட்டியல் ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கும். தமது மாநிலம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத் திருப்தியோ வருத்தமோ அடைந்துவிட்டு உறுப்பினர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பட்டியலில் இடமே இல்லாத ஒரு பிரிவினர் இருக்கின்றனர். பிறந்து ஆறு வாரம் நிறைவடையாத குழந்தைகள்தாம் அவர்கள். கக்குவான் இருமலுக்கு எதிரான முதல் ஊசி நம் நாட்டில் ஆறாவது வாரத்தில்தான் போடப்படுகிறது. அதற்கு முன்பு அந்தக் குழந்தைக்கு இந்நோய்க்கு எதிரான எந்த ஊசியும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 2.6 கோடிக் குழந்தைகள் பிறக்கும் நாட்டில், எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் இந்த ஆறு வார இடைவெளியில் இருப்பார்கள். இந்த நோயால் உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களே ஆன கைக்குழந்தைகள். அவர்களைக் காப்பாற்றக்கூடியது அவர்களுக்குப் போடப்படும் ஊசியன்று. அவர்களுடைய அண்ணனுக்கும், அக்காளுக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் போடப்பட்ட ஊசி.

கக்குவான் இருமல் தடுப்பூசியின் முழுப் பயனும் இதில்தான் அடங்கியிருக்கிறது. எனினும், ஒரு தடுப்பூசி அதைப் போட்டுக்கொண்ட குழந்தையைக் காப்பது வேறு, நோய் ஊருக்குள் பரவுவதைத் தடுப்பது வேறு. முன்னதைச் செய்யும் எல்லாத் தடுப்பூசியும் பின்னதை ஒரே அளவில் செய்வதில்லை. தில்லியில் வகுக்கப்படும் தடுப்பூசிக் கொள்கையில் இந்த வேறுபாடு எத்தனை பெரிய விஷயம் என்பது அவைக் குறிப்புகளில் அதிகம் பேசப்பட்டதில்லை.

தமிழில் இந்த நோய்க்குப் பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடும். இருமி இருமி, உண்டதைக் குழந்தை கக்கிவிடும். இந்தி பேசும் மாநிலங்களில் இதனைக் 'காலீ கான்ஸி', அதாவது கரிய இருமல், என்பர். மூச்சுவிட இடமின்றி இருமும் குழந்தையின் முகம் கறுத்துப்போவதைப் பார்த்த தாய்மார்கள் வேறு எந்தப் பெயரைத்தான் வைத்திருக்க முடியும்? சீனாவிலும் ஜப்பானிலும் இது 'நூறு நாள் இருமல்'.

நோயை உண்டாக்குவது போர்டெட்டெல்லா பெர்டுஸிஸ் என்னும் பேக்டீரியா. மனிதரின் மூச்சுக் குழாயைத் தவிர அதற்கு வேறு இருப்பிடம் கிடையாது. கொசு, எலி, தண்ணீர் என்று வேறு எதன் மீதும் பழி போட முடியாது. மனிதரிடமிருந்து மனிதருக்கே அது செல்கிறது. தடுப்பாற்றல் இல்லாதவர்கள் நிறைந்த ஓர் ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 17 பேருக்கு இதனைத் தர முடியும் என்பது தொற்றுநோய் அறிஞர்களின் நெடுநாளைய கணக்கு. தட்டம்மைக்குச் சற்றும் சளைத்ததன்று. ஒரே வீட்டில் வாழும், தடுப்பாற்றல் இல்லாதவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வரை பாதிக்கப்படக்கூடும்.

இதன் தந்திரம் முதல் இரண்டு வாரங்களில் இருக்கிறது. அப்போது சாதாரணச் சளி, லேசான இருமல் மட்டுமே. கக்குவான் என்று எவரும் ஐயுறுவதில்லை. நோய் மிக வேகமாகப் பரவுவதும் அப்போதுதான். பின்னர் இருமல் வெடித்து, மருத்துவர் அசித்ரோமைசின் போன்ற மருந்தை எழுதித் தருவதற்குள் வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் கிருமி போய்ச் சேர்ந்திருக்கும். அந்த மருந்தும் மேற்கொண்டு பரவுவதைக் குறைக்குமே தவிர, தொடங்கிவிட்ட இருமலை நிறுத்துவதில்லை. வளர்ந்தவர்களுக்கு இது பல வாரம் விடாத இருமலாக வந்து போகும். பிறந்த ஒரு மாதக் குழந்தையோ இருமக்கூடத் திராணியின்றி, திடீரென மூச்சை நிறுத்திவிடும். அக்குழந்தைக்கு நோயைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தாய், தந்தை, உடன்பிறந்தோர் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2 லட்சத்திலிருந்து 39 ஆயிரம்

இந்தியாவில் தேசிய அளவிலான தடுப்பூசித் திட்டம் 1978-இல் தொடங்கியது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி அதில் தொடக்கம் முதலே இருந்தது. நகரங்களோடு நின்றிருந்த அத்திட்டம், 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக விரிவுபடுத்தப்பட்டுப் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் சென்றது.

1970-இல் நாட்டில் பதிவான கக்குவான் இருமல் நோயாளிகள் 2 லட்சத்துக்கும் சற்று அதிகம். 1987-இல் சுமார் 1 லட்சத்து 63 ஆயிரம். 2011-இல் 39 ஆயிரத்து 91. இந்த எண்களை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. ஆய்வகப் பரிசோதனை இன்றி, இருமலின் ஓசையை வைத்தே நோயை முடிவு செய்த காலம் அது. பதிவாகாதவர்கள் பன்மடங்கு இருந்திருப்பார்கள். இருந்தும், மக்கள்தொகை பெருகி, பதிவு முறை ஓரளவு சீர்பட்ட காலத்தில் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகக் குறைந்தது என்றால் சரிவு மெய்யானதே.

அந்தக் காலத்தில் எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சரிவின் பொருள் விளங்கும். 2005-06-இல் எடுக்கப்பட்ட மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, முத்தடுப்பு ஊசியின் மூன்று தவணையும் பெற்ற குழந்தைகள் நாடு முழுவதும் 55 விழுக்காட்டினர் மட்டுமே. தமிழ்நாட்டில் இது 95 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. உத்தரப் பிரதேசத்திலோ 30. சரிபாதிக் குழந்தைகளுக்கு முழுப் பாதுகாப்பு இல்லாத நாட்டிலும் நோய் பெருமளவு குறைந்ததற்கு, ஊசி போட்டவர்கள் போடாதவர்களையும் ஓரளவு மறைத்து நின்றதும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் இதில் அறிஞர்களிடையே ஒரு நீண்ட வழக்கு உண்டு. 1982-இல் பால் ஃபைன், ஜாக்குலின் கிளார்க்சன் என்ற ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் பதிவேடுகளைப் புரட்டினர். தடுப்பூசி வந்தபின் நோயாளிகள் எண்ணிக்கை குறைந்தது; ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நோய் பொங்கி எழும் தாளம் மாறவில்லை. பரவல் குறைந்திருந்தால் அந்த இடைவெளி நீண்டிருக்க வேண்டுமே என்பது அவர்கள் வாதம். அதாவது, ஊசி நோயைத் தடுக்கிறது, கிருமி நடமாட்டத்தைத் தடுக்கவில்லை என்ற ஐயம்.

பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே காலத்துப் புள்ளிவிவரங்களையும் பிற நாடுகளின் பதிவுகளையும் ஆராய்ந்து, பல இடங்களில் இடைவெளி நீண்டிருப்பதைச் சுட்டிக்காட்டினர். மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில், நியாகார் என்னும் கிராமப்புறப் பகுதியில் வீடு வீடாக நடந்த ஆய்வு இன்னும் நேரடியான விடையைத் தந்தது. ஊசி போட்டும் கக்குவான் வந்த குழந்தை, ஊசி போடாமல் நோயுற்ற குழந்தையைக் காட்டிலும் மிகக் குறைவாகவே பிறருக்குப் பரப்பியது என்று 2003-இல் வெளியான அந்த ஆய்வு கண்டது. ஊசி தோற்ற இடத்திலும் பரவலில் வென்றது என்று சொல்லலாம்.

ஊசியை நிறுத்திப் பார்த்த நாடுகள்

இதற்கு வேறு வகைச் சான்றும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய சான்று அது. ஜப்பானில் 1974-75 குளிர்காலத்தில் முத்தடுப்பு ஊசி போட்டபின் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசி தாற்காலிகமாக நிறுத்தப்பட்டது. மீண்டும் அனுமதித்தபோது மக்களிடம் நம்பிக்கை போயிருந்தது. எண்பது விழுக்காடாக இருந்த தடுப்பூசி அளவு 1976-இல் பத்தாகச் சரிந்தது. 1979-இல் 13 ஆயிரம் பேருக்குக் கக்குவான் வந்தது. 41 பேர் இறந்தனர். அதே ஆண்டுகளில் பிரிட்டனிலும், ஊசியால் மூளை பாதிக்கப்படுகிறது என்ற அச்சம் பரவி, தடுப்பூசி அளவு முப்பது விழுக்காட்டை ஒட்டி வீழ்ந்தது. 1977 முதல் 1979 வரை அங்கு எழுந்த கொள்ளைநோயில் பாதிக்கப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல். நிலையான மூளைப் பாதிப்பு என்ற குற்றச்சாட்டைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்யவில்லை.

இந்தியாவில் ஊசியை மக்கள் அப்படி மறுத்ததில்லை. ஆனால் இங்கு அரசே தன் கையால் உற்பத்தியை நிறுத்திய காலம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள அந்த விவகாரம் நாடாளுமன்றத்தில் பெரும் சூட்டைக் கிளப்பியது.

முத்தடுப்பு மருந்தை அரசுத் துறையில் தயாரித்தவை இரண்டு மலைநகர நிறுவனங்கள். ஒன்று, இமாசலப் பிரதேசத்தில் கசௌலியில் 1905-இல் நிறுவப்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையம். மற்றொன்று, நீலகிரியில் குன்னூரில் 1907-இல் தோன்றிய பாஸ்டர் நிலையம். 2008 ஜனவரியில் இவ்விரண்டின் உற்பத்தி உரிமமும், சென்னை கிண்டியிலுள்ள பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகத்தின் உரிமமும் நிறுத்திவைக்கப்பட்டன. மருந்து உற்பத்திக்கான தர விதிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் அன்புமணி ராமதாஸ். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் நாடு தேறாவிட்டால் இந்தியத் தடுப்பூசிகளின் ஏற்றுமதியே பாதிக்கப்படும் என்பது அமைச்சகத்தின் வாதம்.

கட்டடங்கள் பழையவை, விதிமுறைகள் புதியவை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இடித்துக் கட்டும் வரை மாற்று ஏற்பாடு என்ன என்பதே கேள்வி. புதுப்பிக்கப் பணம் ஒதுக்காமல் இருந்துவிட்டு, புதுப்பிக்கவில்லை என்று பூட்டுவது என்ன நியாயம் என்று இடதுசாரிக் கட்சிகள் கேட்டன. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2009 பிப்ரவரியில் அளித்த தனது 34-ஆவது அறிக்கையை முழுக்க இந்த மூன்று நிறுவனங்களுக்கே ஒதுக்கியது. உற்பத்தியை நிறுத்திய முறையைக் கடுமையாகச் சாடியது. நிலைக்குழு அறிக்கைகள் வழக்கமாக 'பரிந்துரைக்கிறது', 'வலியுறுத்துகிறது' என்ற மென்மொழியில்தான் நடக்கும். இதில் அந்த மென்மை குறைவு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2010 பிப்ரவரியில், குலாம் நபி ஆசாத் அமைச்சராக இருந்தபோது, உரிம நிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் நின்ற இயந்திரம் ஆணை பிறந்த நாளிலேயே சுழலத் தொடங்கிவிடாது. கசௌலியில் புதிய விதிமுறைப்படி அமைந்த முத்தடுப்பு மருந்துக் கூடம் 2016-இல்தான் திறக்கப்பட்டது. மாற்றாக அறிவிக்கப்பட்ட செங்கல்பட்டு ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்தின் கதை இன்னும் நீளம். 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்ட அந்த வளாகம், 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோதும் ஒரு குப்பி மருந்தும் தயாரிக்காமல் நின்றது. அதை மாநிலத்திடம் குத்தகைக்கு விடுமாறு முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அந்த இரண்டு ஆண்டுகளில் திட்டம் தனியார் நிறுவனங்களிடம் மருந்து வாங்கி நடந்தது. முழுவதும் நின்றுவிடவில்லை என்பது உண்மை. என்றாலும், கக்குவான் போன்ற நோயில் தாமதமே ஒரு தீங்கு. ஆறாவது வாரத்தில் வர வேண்டிய ஊசி பன்னிரண்டாவது வாரத்தில் வந்தால், ஆண்டு இறுதி விழுக்காட்டுக் கணக்கில் அது குறையாகத் தெரியாது. அந்தக் குழந்தையோ தனக்கு மிக ஆபத்தான ஆறு வாரங்களைக் காவலின்றிக் கழித்திருக்கும். அதே காலத்தில் தன் வீட்டுக்குள் கிருமி நுழைய ஒரு வாசலாகவும் இருந்திருக்கும்.

சுரம் வரும் ஊசியும், வராத ஊசியும்

அரசு மையங்களில் இன்று முத்தடுப்பு ஊசி தனியாக மூன்று தவணை போடப்படுவதில்லை. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதலாகத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் சென்ற பென்டாவேலன்ட் என்னும் ஐந்து நோய்த் தடுப்பூசியே 6, 10, 14-ஆவது வாரங்களில் போடப்படுகிறது. முத்தடுப்பு ஊசி, 16 முதல் 24 மாதத்திற்குள் ஒரு முறையும் ஐந்து ஆறு வயதில் ஒரு முறையும் ஊக்கத் தவணையாக உண்டு. இவை யாவற்றிலும் உள்ள கக்குவான் பகுதி, கொல்லப்பட்ட முழுக் கிருமியையே கொண்டது. 'முழு செல்' தடுப்பூசி என்பது அதன் பெயர். போட்ட அன்று இரவு குழந்தைக்குச் சுரம் வரும், தொடை வீங்கும், விடாமல் அழும். கிராம சுகாதாரச் செவிலியர் பாரசிட்டமால் கொடுத்தனுப்புவது இதற்குத்தான்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் பெற்றோருக்கு வேறொன்று காட்டப்படுகிறது. 'வலியில்லா ஊசி' என்று அதற்குப் பெயர். ஒரு தவணைக்குச் சில ஆயிரம் ரூபாய். முழுக் கிருமிக்குப் பதிலாக, அதிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய சில புரதங்கள் மட்டும் இதில் இருக்கும். 'செல்லற்ற' தடுப்பூசி. ஜப்பான் தன் 1970-களின் பட்டறிவிலிருந்து உருவாக்கி 1981-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 1990-களில் அமெரிக்காவும் பின்னர் ஐரோப்பிய நாடுகளும் இதற்கு மாறின. சுரம் குறைவு, அழுகை குறைவு. குழந்தையைக் கடும் நோயிலிருந்தும் இது காக்கிறது. இதில் ஐயமில்லை.

பரவலைப் பொறுத்தவரை கதை வேறு. 2010-இல் கலிபோர்னியாவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் வந்தது. பத்துக் கைக்குழந்தைகள் இறந்தன. 2012-இல் அமெரிக்கா முழுவதும் 48 ஆயிரம் பேர். அது அரை நூற்றாண்டு காணாத எண்ணிக்கை. ஊசி போடாதவர்கள் மட்டுமல்ல, ஐந்து தவணையும் முறையாகப் போட்ட எட்டு முதல் பதினோரு வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தனர். ஐந்தாவது தவணைக்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் நோய்வாய்ப்படும் வாய்ப்பு சராசரியாக 42 விழுக்காடு கூடிக்கொண்டே போனதாகக் கலிபோர்னியா ஆய்வு ஒன்று கணக்கிட்டது. செல்லற்ற ஊசியின் காவல் அவ்வளவு விரைவாகத் தேய்ந்தது.

அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு வெளியானது. செல்லற்ற ஊசி போட்ட குரங்குகளுக்கு இருமல் வரவில்லை. ஆனால் அவற்றின் தொண்டையில் கிருமி பல வாரம் குடியிருந்தது. அருகில் விடப்பட்ட குரங்குகளுக்கும் தொற்றியது. முழு செல் ஊசி போட்டவற்றிலும் கிருமி புகுந்தது. ஆனால் பாதிக் காலத்திலேயே வெளியேற்றப்பட்டது. குரங்கில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆயினும் கலிபோர்னியாவில் கண்டதற்கு அது ஒரு விளக்கமாக அமைந்தது.

இவற்றின் பின்னணியில்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013-இல், முதல் மூன்று தவணைக்கு முழு செல் ஊசியையே போட வேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. முழு செல் ஊசியைப் பயன்படுத்தும் நாடுகள் அதிலேயே தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. அடிக்கடி ஊக்கத் தவணை போடவும், கர்ப்பிணிகளுக்கு ஊசி போடவும் வசதியுள்ள நாடுகள் மட்டுமே மாறலாம் என்றது.

அறிவுரை ஒருபுறம் இருக்க, நகரத் தனியார் மருத்துவமனைகளில் வலியில்லா ஊசி தொடர்ந்து விற்பனையாகிறது. ஆக, வசதி படைத்த வீட்டுக் குழந்தைக்கு அதிக விலையில், சுரமில்லாத, பரவலைத் தடுப்பதில் வலுக்குறைந்த ஊசி. ஏழை வீட்டுக் குழந்தைக்கு இலவசமாக, ஓர் இரவுச் சுரத்தோடு, ஊருக்கும் சேர்த்துக் காவல் நிற்கும் ஊசி. நாட்டின் பெரும்பான்மைக் குழந்தைகள் அரசு மையத்தில்தான் ஊசி போட்டுக்கொள்கின்றனர் என்பதால் இதுவரை பெரிய விபரீதம் நேரவில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை இழந்து, இரவெல்லாம் விழித்திருந்து, சுரத்தைத் தாங்கிக்கொள்ளும் குழந்தை, அடுக்குமாடியில் பிறந்த சிசுவுக்கும் சேர்த்துத் தாங்கிக்கொள்கிறது என்பதை எந்தச் சுகாதாரப் புள்ளிவிவரமும் சொல்வதில்லை.

அந்த ஓர் இரவுச் சுரத்திற்கு இன்னொரு விளைவும் உண்டு. முதல் தவணைக்குப் பின் குழந்தை துவண்டுபோனதைக் கண்ட சில தாய்மார்கள் இரண்டாவது தவணைக்கு வருவதில்லை. முன்கூட்டியே சொல்லிவைக்கும் செவிலியர் இருக்கும் ஊரில் இந்த விடுபடல் குறைவு. இல்லாத ஊரில் அதிகம். மருந்தின் தரத்தைப் போலவே செவிலியரின் வாய்ச்சொல்லும் பரவலைத் தடுக்கும் கருவியே.

விடுபட்டவர்கள் எங்கே

கக்குவான் போன்ற வேகமான நோயின் பரவலை அறுக்க, நூற்றுக்கு 92 முதல் 94 பேருக்குத் தடுப்பாற்றல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஊசி நூற்றுக்கு நூறு பலிப்பதில்லை. பலித்ததும் நான்கு முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் தேய்ந்துவிடுகிறது. எனவே எல்லாக் குழந்தைக்கும் போட்டாலும் இந்நோயை அம்மை போல ஒழித்துவிட முடியாது. கைக்குழந்தைகளைச் சுற்றிக் கிருமியின் நடமாட்டத்தைக் குறைக்க முடியும், அவ்வளவே.

மூன்று தவணையும் பெற்றவர்கள் 2015-16 குடும்பநல ஆய்வில் 78 விழுக்காடாகவும், 2019-21 ஆய்வில் ஏறத்தாழ 87 விழுக்காடாகவும் உயர்ந்தனர். 2014 டிசம்பரில் தொடங்கிய இந்திரதனுஷ் இயக்கத்துக்கு இதில் பங்குண்டு. ஒரு தவணைகூடப் பெறாத குழந்தைகள், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் மதிப்பீட்டில், கொரோனா காலமான 2021-இல் சுமார் 27 லட்சம். 2022-இல் 11 லட்சம். 2023-இல் மீண்டும் 16 லட்சம். 2024-இல் 9 லட்சம். 2021-இல் விடுபட்டவர்கள் அனைவரும் பின்னர் பிடிபட்டுவிட்டார்கள் என்று எவரும் உறுதி கூற முடியாது. அவர்கள் பள்ளிக்குள் நுழைந்துவிட்டனர்.

சராசரி என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. 9 லட்சம் பேரும் நாடெங்கும் சீராகத் தூவப்பட்டிருந்தால் கவலை குறைவு. ஆனால் விடுபட்டவர்கள் கூட்டமாகவே இருப்பார்கள். செங்கல் சூளைகளில், கட்டட வேலைத் தளங்களில், நகரத்து ஒண்டுக் குடித்தனங்களில், ஆறு கடந்து போக வேண்டிய குக்கிராமங்களில். உத்தரப் பிரதேசத்துச் சூளையில் எட்டு மாதம், பிகார் ஊரில் நான்கு மாதம் என்று வாழும் குடும்பத்தின் குழந்தை எந்த மையத்தின் பதிவேட்டிலும் முழுதாக இருப்பதில்லை. மாவட்டக் கணக்கு 95 என்று காட்டும்போதும் அந்தச் சூளைக்குள் கிருமிக்குத் தடையேதும் இல்லை. ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லித் தொடரும் 'யு-வின்' மின்பதிவேடு இந்தக் குறையைத் தீர்க்கும் என்பது அமைச்சகத்தின் நம்பிக்கை.

ஊக்கத் தவணையின் நிலை இதனினும் கவனிப்பாரற்றது. அமைச்சகத்தின் பதில்கள் பெரும்பாலும் மூன்றாவது தவணையோடு நின்றுவிடுகின்றன. ஐந்து வயதில் போட வேண்டிய கடைசித் தவணைக்குள் பாதுகாப்பு அட்டை தொலைந்திருக்கும். குழந்தை பள்ளி செல்லத் தொடங்கியிருக்கும். பள்ளியில் வாங்கிய கிருமியை வீட்டுத் தொட்டிலுக்குக் கொண்டுவருவதும் அந்த வயதுப் பிள்ளைதான்.

தொட்டிலில் இருப்பவரை நேரடியாகக் காக்க ஒரே வழி, தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே ஊசி போடுவது. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் சிசுவுக்குச் செல்லும். 2012-இல் 14 கைக்குழந்தைகளை இழந்த பிரிட்டன், அவ்வாண்டு அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நோய் 91 விழுக்காடு தடுக்கப்பட்டதாக அங்குள்ள ஆய்வு கூறியது. பின்னர் கர்ப்பிணிகளிடையே ஊசி போடும் அளவு எழுபதுக்கு மேலிருந்து அறுபதுக்குக் கீழ் சரிந்தது. 2024-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 ஆயிரம் பேருக்கு நோய் உறுதியானது. 11 கைக்குழந்தைகள் இறந்தன.

இந்தியாவில் மகப்பேறு மருத்துவர்கள் தனியார் மருத்துவமனைகளில் இதே ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கின்றனர். அரசுத் திட்டத்திலோ, ரண ஜன்னிக்கு மட்டும் இருந்த ஊசிக்குப் பதிலாகத் தொண்டை அடைப்பானையும் சேர்த்துக்கொண்ட டி.டி. ஊசியே கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படுகிறது. கக்குவான் அதில் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 2.9 கோடிக் கர்ப்பிணிகளுக்குப் போடுவதென்றால் செலவு சிறிதாக இராது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், பின்னர் குழந்தைக்குப் போடும் ஊசியின் பலனை ஓரளவு மழுங்கச் செய்யக்கூடும் என்ற அறிவியல் தயக்கமும் உண்டு. இரண்டுமே அவையில் வைத்து விவாதிக்கத் தக்க காரணங்கள். அந்த விவாதம் நடக்கும் வரை, அரசு மருத்துவமனையில் பிறக்கும் சிசுவின் முதல் ஆறு வாரங்களுக்கு, அக்கம் பக்கத்துப் பிள்ளைகளின் தொடையில் ஏறிய ஊசியைத் தவிர வேறு காவல் இல்லை.